சீட்டு கொடுத்தால் புத்தகம் வரும்

மக்களே, நம்ம ஊர்ல மளிகைக்கடை ரெண்டு வகை. ஒண்ணு சூப்பர் மார்க்கெட். கூடையைத் தூக்கிக்கிட்டு உள்ளே போய், பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்த்து, வாங்கணும்னு நினைக்காத நாலு பொருளையும் சேர்த்து அள்ளிக்கிட்டு வரலாம். இன்னொண்ணு அண்ணாச்சி கடை. மேஜைக்கு இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் அண்ணாச்சி. லிஸ்ட்டைக் கொடுத்தா கடைப்பையன் பின்பக்கம் குடோனுக்குள்ளே போய் ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டு வருவான். குடோனில் என்னென்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. பேர் தெரிஞ்ச பொருளை மட்டும்தான் கேட்க முடியும்.

நூலகங்களும் இப்படித்தான் ரெண்டு வகை. நாமே அலமாரிக்கு நடுவில் அலைந்து எடுத்துக்கொள்வது ஒன்று. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க, யாரோ ஒருவர் உள்ளே போய் எடுத்து வந்து கொடுப்பது இன்னொன்று. இந்த ரெண்டாவது வகைக்கு மூடிய அடுக்கு நூலகம்னு பேரு. இந்தப் பதிவு அதன் வரலாறு. எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று கேட்டால், அந்தக் கடைப்பையன் நான்தான் :-)

படிப்பது சிவில் இன்ஜினியரிங் மாஸ்டர்ஸ். இங்கே அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருப்பவன் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். எனக்கு வாய்த்தது பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளம். பிரிண்டரிலிருந்து சீட்டு வரும். எண்ணைப் பார்த்து, அலமாரியைத் தேடி, புத்தகத்தை உருவி, வண்டியில் வைத்து மேலே அனுப்ப வேண்டும். இந்த வேலை பார்ப்பவனுக்கு ஆங்கிலத்தில் 'பேஜ்' என்று பெயர். புத்தகத்தின் பக்கத்துக்கும் அதே சொல்தான், ஆனால் ரெண்டுக்கும் வேர் வேறு. ஒன்று பிரபுக்கள் வீட்டில் எடுபிடி வேலை பார்த்த சிறுவனைக் குறித்த சொல். நான் அந்த வகை.

ராஜாவுக்கும் கிடையாது

பழைய ஐரோப்பிய நூலகங்களில் புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள் என்று நம்மில் பலர் படித்திருப்போம். பெரிய புத்தகத்துக்குச் சங்கிலி சரிப்படும். சின்னப் புத்தகத்தை என்ன செய்வது? அங்கிக்குள் செருகிக்கொண்டு போய்விடலாமே. 1602ல் ஆக்ஸ்ஃபோர்டில் திறக்கப்பட்ட போட்லியன் நூலகத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பெரிய புத்தகங்கள் சங்கிலியோடு கீழே, யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். சின்னப் புத்தகங்கள் பூட்டிய மாடத்தில். கேட்டால் நூலக ஆள் எடுத்துக் கொடுப்பார். மூடிய அடுக்குக்கு முன்னோடி என்று இந்த மாடத்தைச் சொல்லலாம். காரணம் சுத்தமாகத் திருட்டு பயம்தான்.

அங்கே இன்னொரு விதியும் உண்டு. புத்தகம் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது. 1645ல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. முதலாம் சார்லஸ் மன்னர் ஆக்ஸ்ஃபோர்டையே தலைநகராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு புத்தகம் வேண்டும் என்று நூலகத்துக்கு ஆள் அனுப்பினார். நூலகர் ஜான் ரௌஸ் விதிப் புத்தகத்தைக் காட்டி, முடியாது என்று சொல்லிவிட்டார். மன்னரும் பேசாமல் ஏற்றுக்கொண்டார். பிறகு 1654ல் அந்த மன்னரை வீழ்த்திய கிராம்வெல்லும் ஒரு புத்தகம் கேட்டார். அவருக்கும் அதே பதில். ஆட்சி மாறினாலும் ரூல்ஸ் மாறலை பாருங்க :-)

கேட்பவர் யார் என்பது முக்கியமில்லை என்று அந்த நூலகம் காட்டிவிட்டது. ஆனால் அது மறுப்பதில் வந்த சமத்துவம். கொடுப்பதிலும் சமத்துவம் வர இன்னும் ரெண்டு நூற்றாண்டு ஆனது. அதைக் கொண்டுவந்தவர் ஒரு அகதி.

தூக்குத் தண்டனைக்கு பில் வாங்கிய மனிதர்

அந்தோனியோ பனிட்ஸி, 1797ல் இத்தாலியில் பிறந்தவர். மொடேனா அரசுக்கு எதிரான ரகசிய இயக்கத்தில் இருந்ததால் 1822ல் தப்பி ஓடினார். ஆள் இல்லாமலேயே வழக்கு நடத்தி மரண தண்டனை விதித்தார்கள். அதோடு நின்றால் பரவாயில்லை. தண்டனைக்கான செலவுத் தொகையைக் கட்டச் சொல்லி அவருக்கே பில்லும் அனுப்பினார்கள்! செத்துப்போன பனிட்ஸியின் ஆவி மேலுலகத்திலிருந்து எழுதுவதாக அவர் ஒரு நக்கல் பதில் போட்டார்.

லண்டனுக்கு வந்த இந்த மனிதர் 1831ல் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1837ல் அச்சு நூல்கள் பிரிவுக்குத் தலைவர். 1856ல் மியூசியத்துக்கே தலைவர்.

1836ல் பாராளுமன்றக் குழு முன்னால் அவர் சொன்ன சாட்சியத்தை நூலகத் துறைக்காரர்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. அதன் சாரம் இதுதான்: நாட்டின் பெரிய பணக்காரனுக்குத் தன் ஆராய்ச்சிக்கு என்னென்ன புத்தகம் கிடைக்குமோ அத்தனையும் ஒரு ஏழை மாணவனுக்கும் கிடைக்க வேண்டும், அதற்குச் செலவு செய்வது அரசாங்கத்தின் கடமை. அகதியாக வந்து, இத்தாலிய மொழி சொல்லிக்கொடுத்துப் பிழைத்த ஒருவர் இதைச் சொன்னார் என்பதைச் சேர்த்துப் பார்க்கணும்.

சொன்னதோடு நிற்கவில்லை. அட்டவணை எப்படி இருக்க வேண்டும் என்று 91 விதிகள் எழுதினார்கள் அவரும் அவர் கூட்டாளிகளும். 1841ல் அது அச்சாகி வந்தது. வாசகர் தரும் சீட்டில் புத்தகத்தின் பெயரை மட்டும் கிறுக்கினால் போதாது. அட்டவணையைப் பார்த்து அலமாரி எண்ணையும் அவரே எழுத வேண்டும் என்றும் கொண்டுவந்தார். உடனே கூச்சல். பெரிய மனுஷங்களுக்குக் கோபம். 'பேரைச் சொன்னா எடுத்துத் தரவேண்டியது உன் வேலை, எண்ணைத் தேடுவது என் வேலையா?' என்கிற ரகம். சர் நிகோலஸ் ஹாரிஸ் நிகோலஸ் என்ற அறிஞர் 1846ல் இந்த நூலகத்தையும் அதன் அட்டவணைகளையும் கண்டித்துத் தனிப் புத்தகமே போட்டார்.

சீட்டு தூக்கும் ஆளாக நான் பனிட்ஸி கட்சி. எண் இல்லாத சீட்டு என்பது முகவரி இல்லாத தபால். அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கு. பெயரைச் சொன்னால் எடுத்துத் தரும் முறையில், பணியாளருக்குத் தெரிந்த முகத்துக்குச் சீக்கிரம் வரும். தெரியாத முகம் காத்துக் கிடக்கும். எல்லாரும் ஒரே சீட்டை ஒரே மாதிரி நிரப்பினால் பிரபுவும் ஏழை மாணவனும் ஒன்றுதான். உள்ளே அலமாரிக்கு நடுவில் நிற்பவனுக்கு முகம் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். என் கைக்கு வரும் சீட்டிலும் டீனா, முதலாண்டு மாணவியா என்று நான் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அலமாரி ஒன்றும் பக்கத்தில் நகர்ந்து வரப்போவதில்லை :-)

தாமஸ் கார்லைலுக்கும் பனிட்ஸிக்கும் ஒத்தே போகவில்லை. உட்கார இடமில்லாமல் ஏணிப்படியில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கு என்று கார்லைல் புலம்பினார். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கிற மாதிரி சந்தா கட்டும் நூலகம் ஒன்றை 1841ல் ஆரம்பிக்க முன்னால் நின்றார். அதுதான் லண்டன் லைப்ரரி, இன்றும் இருக்கு. இடப் பஞ்சத்துக்குப் பனிட்ஸியின் பதில் 1857ல் வந்தது. மியூசியத்தின் நடு முற்றத்தில் 140 அடி விட்டத்தில் ஒரு குவிமாடம், அதன் கீழே வட்ட வாசக சாலை. நடுவில் அட்டவணைகள், அதிலிருந்து சக்கரத்து ஆரம் மாதிரி மேஜைகள். சுற்றி நாலு மூலையிலும் இரும்பால் ஆன புத்தக அடுக்குகள். தளங்கள் கம்பி வலை மாதிரி துளைத் தளங்கள். கூரைக் கண்ணாடியிலிருந்து வரும் வெளிச்சம் கீழ்த் தளம் வரை இறங்கணும் என்பதற்காக. தீ பயத்தால் விளக்கு கிடையாது. லண்டன் மூடுபனி கவிந்த நாளில் வாசக சாலையையே மூடிவிடுவார்கள். 1879ல்தான் மின்விளக்கு வந்தது.

மார்க்ஸ் இங்கே படித்தது எல்லாருக்கும் தெரியும். 1902ல் ஜேக்கப் ரிக்டர் என்ற பெயரில் ஒருவர் அனுமதிச் சீட்டு வாங்கினார். அது லெனின். அவருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவரின் பெயர் யாருக்காவது தெரியுமா? கடைப்பையன் சங்கத்தின் சார்பில் கேட்கிறேன்.

எங்கள் ஜாதியில் ஒருவருக்கு மட்டும் பெயர் நிலைத்தது. ரிச்சர்ட் கார்னெட். 16 வயதில் 1851ல் மியூசியத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். புது நூல்கள் எந்த அலமாரிக்குப் போகணும் என்று பிரித்து வைப்பது வேலை. வைத்து வைத்தே அவருக்கு அத்தனையும் மனப்பாடம். 1875ல் வாசக சாலைக்கே அதிகாரியானார். எந்த மூட்டையில் எந்தப் பருப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அண்ணாச்சி மாதிரி.

போப்பையர் எழுதிய லிஸ்ட்

இந்த லண்டன் கதையில் நமக்கு ஒரு பங்கு இருக்கு. இந்தியாவில் 1867ல் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் வந்தது. அச்சாகும் நூல்களைப் பதிவு செய்து பிரதி கொடுக்க வேண்டும். அப்படிப் பதிவான தமிழ்ப் புத்தகங்களில் பல கப்பலேறி லண்டனுக்கும் போயின. குடோனில் சரக்கு சேர்ந்துவிட்டது. ஆனால் கேட்பது எப்படி? தமிழ் தெரியாத ஆள் அலமாரியில் தேட முடியாது, அலமாரி எண் இல்லாமல் வாசகர் சீட்டு எழுத முடியாது.

1909ல் பிரிட்டிஷ் மியூசியத் தமிழ் நூல்களின் அட்டவணை தனிப் புத்தகமாக வந்தது. தொகுத்தவர்கள் எல்.டி. பார்னெட், ஜி.யு. போப். ஆமாங்க, 1886ல் திருக்குறளையும் 1900ல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்த நம்ம போப்பையரேதான். 1908ல் அவர் இறந்துவிட்டார். அட்டவணை அதற்குப் பிறகுதான் வெளிவந்தது. குறள் மொழிபெயர்ப்புக்காக அவரைக் கொண்டாடுகிறோம். இந்த அட்டவணைக்காகக் கொண்டாடி நான் பார்த்ததில்லை. ஆனால் லண்டன் குடோனில் இருந்த தமிழ்ப் புத்தகத்தைப் பெயர் சொல்லிக் கேட்க உதவியது இந்த அட்டவணை. மொழிபெயர்ப்பு ஒரு நூலை வெளியே கொண்டுவந்தது. அட்டவணை அத்தனை நூல்களுக்கும் கதவைத் திறந்தது.

ஏழு நிமிடம்

அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க்குக்கு வருவோம். நாற்பத்திரண்டாம் தெருவில், வாசலில் ரெண்டு சிங்கம் உட்கார்ந்திருக்கும் அந்தப் பொது நூலகம். அதன் இயக்குநர் ஜான் ஷா பில்லிங்ஸ் ஒரு ராணுவ டாக்டர். கட்டட யோசனை அவருடையது: வாசக சாலை தரைத்தளத்தில் வேண்டாம், உச்சியில் இருக்கட்டும், அதற்கு நேர் கீழே ஏழு அடுக்குப் புத்தகங்கள். லண்டனில் புத்தகம் பக்கவாட்டில் நடந்து வந்தது, இங்கே நேராக மேலே ஏறி வரும்.

சிவில்காரனாக இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் ஜொள்ளு. அந்த ஏழு அடுக்கு எஃகு அலமாரிகள் வெறும் அலமாரிகள் இல்லை. மேலே இருக்கும் பிரம்மாண்டமான வாசக சாலையின் தரையையே அவைதான் தாங்குகின்றன. மேலே உட்கார்ந்து படிப்பவர் நிஜமாகவே புத்தக அலமாரிகளின் தலையில் உட்கார்ந்திருக்கிறார். உவமை கிடையாது, லோடு கால்குலேஷன் :-)

1911 மே 24 அன்று பொதுமக்களுக்குத் திறந்தார்கள். முதலில் வந்த சீட்டுகளில் ஒன்று காலை 9:08க்கு வந்தது. டால்ஸ்டாய், நீட்சே பற்றிய ஒரு ரஷ்ய மொழி நூல். 9:15க்குப் புத்தகம் வாசகர் கையில். ஏழு நிமிடம்! சீட்டைப் பித்தளைக் குப்பியில் போட்டுக் குழாயில் விட்டால், காற்றழுத்தம் அதை உரிய தளத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். அங்கே நிற்கும் பையன் எடுத்துப் படித்து, ஓடிப்போய்ப் புத்தகத்தை உருவி லிஃப்ட்டில் வைப்பான். இந்தக் குழாய்கள் 2016 வரை வேலை செய்தன. எனக்கு அதைவிடப் பிடித்தது அந்தச் சீட்டின் மொழி. ஊர் முழுக்க ஆங்கிலம் இருக்க, முதலில் போய்ச் சேர்ந்தவற்றில் ஒன்று ரஷ்ய மொழிப் புத்தகத்துக்கான சீட்டு.

இதே நூலகத்தில் நார்பர்ட் பெர்ல்ராத் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். 1923லிருந்து 1975 வரை, 52 வருஷம். 'நம்பினால் நம்புங்கள்' ரிப்லி தெரியும்ல? அந்த விநோதத் தகவல்களைத் தேடித் தேடிக் கொடுத்தவர் இவர்தான். ரிப்லி 1949லேயே போய்விட்டார். பெர்ல்ராத் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தார். ரிப்லியை உலகத்துக்குத் தெரியும். பெர்ல்ராத்தை நூலகத்துக்காரர்களுக்குத் தெரியும். 52 வருஷமாக அவர் எழுதிய சீட்டுகளுக்கெல்லாம் கீழே ஓடியவர்களை யாருக்கும் தெரியாது.

கதவைத் திறங்கப்பா

இதுவரை படித்துவிட்டு, 'என்னய்யா இது, நாமே போய் எடுத்துக்கிட்டா என்ன?' என்று கேட்கிறீர்களா? அந்தக் கேள்வியும் பழசுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் பிரிட்டனின் ஊர் நூலகங்களும் அண்ணாச்சி கடைகளாகத்தான் இருந்தன. மேஜைக்கு மேலே 'இண்டிகேட்டர்' என்று ஒரு பெரிய சட்டம் நிற்கும். அதில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் போட்ட ஒரு குட்டிக் கட்டம். உள்ளே இருந்தால் ஒரு நிறம், வெளியே போயிருந்தால் இன்னொரு நிறம். வாசகர் புத்தகத்தைப் பார்க்க முடியாது, எண்ணின் நிறத்தைத்தான் பார்க்கலாம். ஜேம்ஸ் டஃப் பிரவுன் என்பவர் 1893ல் அமெரிக்க நூலகங்களைப் பார்த்துவிட்டு வந்து, 1894ல் லண்டன் கிளர்க்கன்வெல் நூலகத்தில் வாசகர்களை அலமாரிக்கே போக விட்டார். திருடிவிடுவார்கள், இடம் மாற்றி வைத்துவிடுவார்கள் என்று சக நூலகர்களே சண்டைக்கு வந்தார்கள்.

அந்தச் சண்டை தொடங்கி ஒரு தலைமுறை கழித்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் லண்டனுக்குப் படிக்க வந்தார். சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். எஸ்.ஆர். ரங்கநாதன். 1925ல் ஊர் திரும்பி, 1931ல் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' எழுதினார். முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்தவே. நான்காம் விதி, வாசகரின் நேரத்தைச் சேமி. இந்த நான்காம் விதியை வைத்துத்தான் சீட்டு முறையைப் போட்டுத் தாக்குகிறார். அட்டவணையைத் தேடி, சீட்டு எழுதி, காத்திருந்து, வந்த புத்தகம் உதவாது என்று திருப்பிக் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து... அலமாரி முன்னால் நின்றிருந்தால் ஒரு நிமிடத்தில் புரட்டிப் பார்த்து முடிவெடுத்திருக்கலாமே என்பது வாதம்.

நியாயம்தான். பனிட்ஸியின் ஏழை மாணவன் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் எதைக் கேட்பது என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தெரிதல் யாருக்கு முன்பே இருக்கும்? புத்தகங்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவனுக்கு அலைந்து பார்க்க ஒரு அலமாரி வேண்டும். சீட்டு எல்லாரையும் சமமாக நடத்துகிறது, ஆனால் சீட்டு எழுதும் இடம் வரைக்கும் வந்து சேருவதில் சமம் இல்லை. பனிட்ஸிக்கும் ரங்கநாதனுக்கும் நடுவில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், படிக்கும்போது ரங்கநாதன், ஷிஃப்ட்டில் பனிட்ஸி.

மறுபடியும் மூடுகிறது

இருபதாம் நூற்றாண்டில் ரங்கநாதன் கட்சி ஜெயித்தது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் புத்தகம் பெருகிக்கொண்டே போனது, கட்டடம் பெருகவில்லை. 1986ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஊருக்கு வெளியே ஒரு கிடங்கு கட்டியது. அங்கே புத்தகங்கள் பொருள்வாரியாக இல்லை, உயரவாரியாக அடுக்கப்படும். ஒரே உயரமுள்ளவை ஒரே தட்டில், பார்கோடு ஒட்டி. சமையல் புத்தகத்துக்குப் பக்கத்தில் சட்டப் புத்தகம் இருக்கலாம். கூரையைத் தொடும் அலமாரியிலிருந்து எடுக்க, ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் வண்டி. இடம் மிச்சமாவதால் மற்ற பல்கலைக்கழகங்களும் இதே மாதிரி கட்டின. சிகாகோ பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. 2011ல் வளாகத்துக்குள்ளேயே நிலத்தடியில், 35 லட்சம் நூல்கள் கொள்ளும் கிடங்கு. எடுத்துத் தருவது ரோபோ கிரேன். கடைப்பையனுக்கே ஆப்பு :-(

எந்தப் புத்தகத்தைக் கிடங்குக்கு அனுப்புவது என்று எப்படி முடிவு செய்வார்கள்? பல இடங்களில் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: கடைசியாக யார், எப்போது கேட்டார்கள்? பல வருஷமாக யாரும் கேட்காததுதான் முதலில் வண்டியேறும். கிடங்குக்குப் போய்விட்டால் தற்செயலாக யார் கண்ணிலும் படாது. கண்ணில் படாததால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கேட்க முடியாத நிலை எப்படி இருக்கும் என்று லண்டன் சமீபத்தில் பார்த்தது. மியூசியத்திலிருந்து பிரிந்து பிரிட்டிஷ் லைப்ரரியாகி, 1997ல் வட்ட வாசக சாலையை விட்டு செயின்ட் பாங்கரஸுக்கு மாறிய அதே நூலகம். 2023 அக்டோபரில் கணினித் திருடர்கள் புகுந்து அதன் கணினிகளை முடக்கிப் பணம் கேட்டார்கள். நூலகம் கொடுக்கவில்லை. ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை, ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை. ஆனால் ஆன்லைன் அட்டவணை போய்விட்டது. யார்க்‌ஷையரில் இருக்கும் தானியங்கிக் கிடங்கிலிருந்து நூல்களை வரவழைக்க வழியில்லை. 2024 ஜனவரியில்தான் அட்டவணையைத் தேடும் வசதி திரும்ப வந்தது. அத்தனை கோடி சரக்கும் பத்திரமாக உள்ளே இருக்க, வாசகர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். பனிட்ஸி சீட்டுக்கும் எண்ணுக்கும் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தார் என்று அப்போது பலருக்குப் புரிந்திருக்கும்.

கோதுமை கொடுத்து வாங்கிய தமிழ்

இனி நம்ம விஷயம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இவ்வளவு தமிழ்ப் புத்தகம் எப்படி வந்தது தெரியுமா? பி.எல். 480. உங்க அப்பா அம்மாவைக் கேளுங்க, தாத்தா பாட்டியைக் கேட்டா இன்னும் நல்லாச் சொல்வாங்க, அறுபதுகளின் ரேஷன் கோதுமை. அந்த அமெரிக்கக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் விலை கொடுத்தது. அந்த ரூபாயை அமெரிக்கா தன் ஊருக்கு எடுத்துப் போக முடியாது, இந்தியாவிலேயே செலவழிக்கணும். அதில் ஒரு பகுதியில் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். 1962ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இதற்காகவே டெல்லியில் அலுவலகம் திறந்தது. நம்ம வீட்டில் சப்பாத்தி ஆன கோதுமை, இங்கே சிறுகதைத் தொகுப்பாக அலமாரியில் இருக்கு.

என் அடித்தளத்திலும் சில வரிசைகள் இருக்கு. கூட வேலை பார்க்கும் பசங்களுக்கு அந்த முதுகெழுத்து வெறும் கோலம். எண்ணை வைத்துத்தான் எடுப்பார்கள். போன மாதம் வண்டி தள்ளும்போது ஒரு புத்தகத்தை உருவினேன். மயிலாப்பூரில் அச்சானது, விலை நாலு ரூபாய். பின் அட்டைக்குள் தேதி முத்திரை குத்தும் தாள் ஒட்டியிருந்தது. ஒரு முத்திரைகூட இல்லை. அச்சாகி, கப்பலேறி, எண் ஒட்டி, அலமாரியில் ஏறி, அறுபது வருஷமாகக் காத்துக்கிட்டிருக்கு. தூசிதான் அதன் ஒரே வாசகர்.

இதில் நூலகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்கினார்கள், அட்டவணை போட்டார்கள், குளிரூட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கேட்க வேண்டிய ஆள் நாம்தான். நாம் கேட்காமல் இருப்பதற்கு ஒரு காரணம், பழைய பதிவுகள் பலவும் ரோமன் எழுத்தில் மட்டும் இருப்பது. அதுவும் நாம் எஸ்எம்எஸ்ஸில் எழுதும் ரோமன் இல்லை. ஆகவே கடைப்பையனின் இலவச டிப்ஸ்:

'ச'வுக்கு எஸ் போட்டால் வராது. ஏ, பி, சி வரிசையில் வரும் சி போடணும். சிறுகதை என்று தேடினால் அந்த சியில்தான் ஆரம்பிக்கும்.

'ழ'வுக்கு நாம் போடும் இஸட்-ஹெச் கிடையாது. எல்லுக்குக் கீழே ஒரு கோடு. பெரும்பாலான அட்டவணைகளில் கோடு இல்லாமல் வெறும் எல் அடித்தாலும் வந்துவிடும்.

'த'வுக்கு டி மட்டும், கூட ஹெச் வேண்டாம். 'க'வுக்கு எங்கே வந்தாலும் கே; ஜி போடாதீங்க.

உங்க பல்கலைக்கழகத்தில் அந்தப் புத்தகம் இல்லையென்றால், வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் வசதியைக் கேளுங்க. பெரும்பாலும் மாணவர்களுக்குக் காசு வாங்க மாட்டாங்க.

படிப்பு, அசைன்மென்ட், வேலைத் தேடல் என்று எல்லாருக்கும் கழுத்து வரை இருக்கு, தெரியும். செமஸ்டருக்கு ஒரு புத்தகம் போதும். முழுக்கப் படிக்கக்கூட வேண்டாம், கேளுங்க. நீங்க போடும் சீட்டு ஒரு பதிவாக நிற்கும். அடுத்த முறை எதை வண்டியேற்றுவது என்று யாரோ பட்டியல் போடும்போது, அந்த ஒரு சீட்டால் அந்தப் புத்தகம் தப்பிக்கலாம். என் ஷிஃப்ட் செவ்வாயும் வியாழனும். ஏழு நிமிடத்தில் முடியாது, நான் நியூயார்க் இல்லை. பத்து நிமிடம் கொடுங்க, எடுத்துட்டு வர்றேன் :-)